கரடியின் வயிற்றைக் கிழிக்கச் சொன்னது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பின் கடைசிப் பக்கத்தில், சமையல் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவே ஒரு சின்னக் கட்டத்தில், வீட்டில் சும்மா கிடக்கும் பஞ்சு பொம்மையை அழகான கைப்பையாக மாற்றுவது எப்படி என்று நாலு வரி போட்டிருந்தீர்கள். வயிற்றைக் கத்தரிக்கவும், பஞ்சை எடுக்கவும், ஜிப்பை க்ளூ கன்னால் ஒட்டவும், நாடா கட்டவும், அரை மணி நேரத்தில் பை தயார். படித்துச் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். சிரித்துவிட்டு விட்டதுதான் என் தப்பு, அன்றைக்கே இந்தக் கடிதத்தை எழுதியிருந்தால் ஒரு கரடியாவது பிழைத்திருக்கும்.

நாலு நாள் கழித்து எங்கள் தெருக்கோடி வீட்டுப் பெண், காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கிறாள், கட்டைப்பையில் எதையோ அடைத்துக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது. பையைக் கவிழ்த்தால் இளநீலக் கரடி ஒன்று, வயிற்றின் நட்ட நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரே கிழி, தலை தொங்கிப்போய், ஜிப் ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் ஒட்டாமலும் நாக்கு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டு இருந்தது. "பேப்பர்ல போட்டபடிதான் ஆயா செஞ்சேன்" என்றாள். அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது கோட்டை மைதானத்து எக்ஸிபிஷனில் அவளுடைய நைனா வாங்கித் தந்த கரடி அது, இப்போது அவர் இல்லை. அதனால்தான் தூக்கிப் போடவும் மனசில்லாமல், அலமாரியில் தூசி படியவும் விடாமல், கையோடு எடுத்துப் போகிற பையாக ஆக்கிக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறாள். உங்கள் நாலு வரியைப் பார்த்துச் செய்கிறவர்களில் பாதிப் பேர் இப்படிப்பட்ட பொம்மையைத்தான் எடுப்பார்கள் ஐயா. யாரும் புதுசாகக் கடையில் வாங்கி அறுக்கமாட்டார்கள்.

நான் யார் இதையெல்லாம் சொல்ல என்று கேட்கலாம். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் 19 வருடம் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைத்தவள். விடியற்காலையில் கம்பெனி வேனில் ஏறி, தோலும் லைனிங்குமாக நாள் முழுக்க மிஷினில் குனிந்து, இருட்டிய பிறகு வீடு திரும்புகிற பெண்கள் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று இந்தப் பக்கம் ஏராளம், அதில் நானும் ஒருத்தி. முதுகு வலி வந்த பிறகு அதை விட்டுவிட்டு வேலூரில் ஆல்டரேஷன் வேலை, இப்போது சத்துவாச்சாரியில் வீட்டிலேயே ஒரு மிதி மிஷின். முகவரியில் மட்டும் இன்னமும் வட ஆற்காடு என்றுதான் எழுதுகிறேன். 1989-ல் மாவட்டத்தை இரண்டாக்கினார்கள், 2019-ல் மிச்சத்தை மூன்றாக்கினார்கள், தபால்காரர் ஒன்றும் சொல்வதில்லை.

சரி, கரடிக்கு வருவோம்.

முதல் தப்பு, வயிற்றைக் கத்தரித்தது. எந்தப் பஞ்சு பொம்மையாக இருந்தாலும் அதைத் தைத்தவர்கள் உள்பக்கமாகத் தைத்துத் திருப்பி, பஞ்சை அடைத்து, அடைத்த வாயைக் கடைசியாகக் கையால் மூடியிருப்பார்கள். அந்த வாய் முதுகில் இருக்கும், இல்லாவிட்டால் உட்காரும் இடத்தில் இருக்கும். முடியை ஊதிப் பிரித்து விரலால் தடவிக்கொண்டே போனால் மற்றத் தையலைவிடக் கொஞ்சம் மேடாக, நூல் தடித்து, ஒரு நாலு விரல் நீளத்துக்குத் தட்டுப்படும். அதுதான் கதவு. கதவு இருக்கும்போது சுவரை எதற்கு இடிக்க வேண்டும்? பிளேடு நுனியால் அந்த நூலை மட்டும் ஒவ்வொன்றாக அறுத்தால் துணியில் ஒரு இழைகூடப் போகாது. ஜிப்புக்கு இன்னும் நீளம் வேண்டுமென்றால் அதே தையல் கோட்டில் மேலும் கீழும் பிரித்துக்கொண்டே போகலாம்.

துணியை வெட்டியே ஆகவேண்டும் என்கிற நிலைமை வந்தாலும் முடிப் பக்கத்திலிருந்து கத்தரிக்கோலை வைக்கக் கூடாது. உள்பக்கம் திருப்பி, அடித்துணியை மட்டும் கத்தரி முனையால் நுனி நுனியாக வெட்ட வேண்டும், முடி தானாகப் பிரிந்து இரண்டு பக்கமும் போய்விடும். மேலிருந்து வெட்டினால் முடியும் சேர்ந்து வெட்டுப்பட்டு, தைத்த பிறகு சொட்டை விழுந்த மாதிரி ஒரு கோடு தெரியும். அந்தப் பெண் பெரிய கத்தரிக்கோலால் மேலிருந்து வெட்டியிருக்கிறாள், அதுவும் மின்விசிறி ஓடும்போது. வீடெல்லாம் நீல முடி பறந்து, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரிலும் விழுந்து, அவளுடைய அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை.

இரண்டாவது, பஞ்சை எடுக்கவும் என்று எழுதினீர்களே, எவ்வளவு பஞ்சை என்று எழுதினீர்களா? அவள் மொத்தத்தையும் எடுத்துவிட்டாள். தலை, கை, கால் எல்லாம் காலி. பஞ்சு போன பொம்மையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கறிக்கடையில் உரித்துப் போட்ட தோல் மாதிரி இருக்கும், கண் மட்டும் மினுமினுவென்று பார்க்கும். நான் தோலிலேயே 19 வருடம் கிடந்தவள், எனக்கே ஒரு மாதிரி ஆகிவிடும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை அவர்கள் தூங்கிய பிறகு செய்யுங்கள். என் பேத்தியின் முயலை நான் பகலில் பிரித்தபோது பக்கத்தில் வந்து நின்று, "முயலுக்கு ஆபரேஷனா ஆயா, ஊசி போட்டியா, வலிக்காதா?" என்று கேட்டாள். வேலூர்ப் பிள்ளைகள் அப்படித்தான், எந்நேரமும் ஆஸ்பத்திரிப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கும்.

எடுக்க வேண்டியது வயிற்றுப் பஞ்சு மட்டும். கழுத்து, தோள், தொடை சேருகிற இடங்களில் உள்பக்கமாக வட்டத் துணி ஒன்றை வைத்துச் சுற்றித் தைத்து அடைத்துவிட வேண்டும், அப்போதுதான் தலைப் பஞ்சு கீழே இறங்கிப் பைக்குள் கைக்குட்டையோடு கலக்காது. தலைக்குள் இருக்கிற பஞ்சைக்கூட இன்னும் கொஞ்சம் இறுக்கி வைப்பது நல்லது. பொம்மை உட்கார்ந்திருக்கும்போது தலையின் கனத்தை வயிறு தாங்கும், வயிற்றைக் காலி செய்துவிட்டால் தாங்க ஆளில்லை, தலை முன்னால் கவிழ்ந்துவிடும். கழுத்துக்குள் பழைய சட்டைக் காலரில் இருக்கும் கேன்வாஸை இரண்டு மடிப்பாக வைத்துத் தைத்தால் நிமிர்ந்து நிற்கும்.

இந்தக் கழுத்து விஷயம் எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, ஒரு பையன் கற்றுக்கொடுத்தான். பத்து வருடத்துக்கு மேல் இருக்கும், அப்போது காந்தி ரோடு பக்கம் ஒரு சந்தில் ஆல்டரேஷன் மிஷின் போட்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், லாட்ஜ், மெஸ், மருந்துக்கடை எல்லாப் போர்டிலும் வங்காளமும் இந்தியும் எழுதியிருக்கும், கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்தவர்கள் மாதக்கணக்கில் தங்கியிருப்பார்கள். ஒரு அம்மா வந்தாள், கையில் ஐந்து ஆறு வயசுப் பையன், தலையில் முடியில்லை, மூக்குவரைக்கும் முகமூடி. அவன் கையில் பழுப்புக் கரடி. அவளுக்குத் தமிழ் வராது, எனக்கு வங்காளம் வராது, "தீதி, தீதி" என்று கூப்பிட்டு ஒரு ஜிப்பைக் காட்டினாள், மாத்திரை அட்டைகளைக் காட்டினாள், கரடியின் முதுகைக் காட்டினாள். புரிந்துவிட்டது. அவன் எங்கே போனாலும் கரடி போகிறது, கரடி போகிற இடத்துக்கெல்லாம் மாத்திரையும் போகட்டும் என்கிறாள்.

தரமாட்டேன் என்றான் பையன். எவ்வளவு கெஞ்சியும் விடவில்லை. கடைசியில் ஒரு காது அவன் கையில் இருக்கட்டும், மிச்சக் கரடி என் மடியில் இருக்கட்டும் என்று ஒப்பந்தம் ஆனது. மிஷினில் போட முடியாதே, முழுக்கக் கையால் தைத்தேன். தலைப் பஞ்சை எடுக்கப் போனபோது காதை வெடுக்கென்று இழுத்தான், அதனால் தலையைத் தொடாமல் கழுத்தோடு அடைத்தேன். அப்புறம் பார்த்தால் அதுதான் சரியான முறை. இரண்டு மணி நேரம் ஆனது, அவன் பாதியில் காதைப் பிடித்தபடியே தூங்கிவிட்டான், அவன் அம்மாவும் நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். மறுநாள் டப்பாவில் ஏதோ இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். அதற்கப்புறம் பார்க்கவில்லை. நான் தைத்த முதல் பொம்மைப் பை அதுதான்.

இப்போது ஜிப். உங்கள் குறிப்பில் எனக்கு நிஜமாகவே கோபம் வந்த இடம் இது. க்ளூ கன்னால் ஒட்டச் சொல்கிறீர்களே, ஐயா, நீங்கள் எந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறீர்கள்? க்ளூ கன் பசை என்பது சூட்டில் இளகி, ஆறினால் இறுகுகிற பிளாஸ்டிக். மறுபடி சூடு பட்டால் மறுபடி இளகும். கத்திரி வெயிலில் எங்கள் ஊர்த் தார் ரோட்டிலேயே செருப்பு ஒட்டுகிறது. அந்தப் பெண் பையைத் தன் ஸ்கூட்டி சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டு காட்பாடி ஸ்டேஷன் பக்கம் வெயிலில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறாள், திரும்பி வந்து எடுத்தால் ஜிப் ஒரு பக்கம் கழன்று, பசை முடியோடு சேர்ந்து மெழுகுபோல உறைந்து கிடக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது. ஃப்ரீஸரில் ஒரு மணி நேரம் வைத்துப் பசை நொறுங்குகிற பதம் வந்ததும் பெயர்த்தேன், அப்படியும் கொஞ்சம் முடி போய்விட்டது. விரலில் வேறு சூடு வைத்துக்கொண்டிருந்தாள்.

ஜிப்பைத் தைக்கத்தான் வேண்டும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலையைத்தான் நீங்கள் சொல்லவே இல்லை. ஷூ கம்பெனியில் ஸ்கைவிங் என்று ஒன்று உண்டு, இரண்டு தோலைச் சேர்த்துத் தைக்கிற ஓரத்தில் தடிமன் ஏறாமலிருக்க ஓரத்தை மட்டும் மெல்லிசாகச் சீவுவது. சீவாமல் தைத்தால் ஓரம் புடைத்து, போட்டு நடக்கிறவர்கள் காலைக் கடிக்கும். பஞ்சு பொம்மைக்கும் அதே கணக்குதான். ஜிப் வரும் இரண்டு ஓரத்திலும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு முடியைச் சின்னக் கத்தரியால் அடியோடு கத்தரித்து வெறும் துணியாக்கிவிட வேண்டும், தாடி ட்ரிம்மர் வீட்டில் இருந்தால் இன்னும் சுலபம், வீட்டுக்காரரிடம் சொல்லாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரண்டு தொல்லை. தையல் ஓரம் விரல் மொத்தத்துக்குப் புடைக்கும், ஒவ்வொரு முறை ஜிப்பை இழுக்கும்போதும் ரன்னர் முடியைக் கவ்விக்கொண்டு நின்றுவிடும். ரெடிமேட் பொம்மைப் பை வாங்கின பிள்ளைகள் பல்லால் ஜிப்பை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான்.

ஜிப்பில் 3-ம் நம்பர், 5-ம் நம்பர் என்று வரும், மூடினபின் பல்லின் அகலம் கிட்டத்தட்ட அத்தனை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சுடிதாருக்குப் போடுகிற 3-ம் நம்பர் இதற்கு ஆகாது, கரடியின் முதுகு வளைகிற இடத்தில் வாயைப் பிளந்துவிடும். 5-ம் நம்பர் நைலான் ஜிப் மீட்டர் கணக்கில் வாங்கி, ரன்னர் தனியாகக் கோத்து, இரண்டு முனையிலும் துணி வைத்துக் கட்டிவிடுங்கள். லாங்கு பஜாரில் தையல் சாமான் விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்தக் கரடிக்கு ஜிப், ரன்னர், நாடா, இரண்டு வளையம், நூல் எல்லாம் சேர்த்து எனக்கு ஆனது 95 ரூபாய், அதில் ஆட்டோவுக்குக் கொடுத்தது சேராது.

கையால் தைப்பதாக இருந்தால் ஒரு அடி முன்னால் போய் அரை அடி பின்னால் வந்து குத்துகிற கெட்டித் தையல்தான், நூலை இரட்டையாகப் போட்டு மெழுகில் ஒரு இழு இழுத்துக்கொள்ளுங்கள். மிஷின் என்றால் 16 அல்லது 18 நம்பர் ஊசி, தையல் நீளத்தைக் கூட்டிவைத்து, மெதுவாக. எங்கள் பக்கத்து டெய்லர் கடையில் அந்தப் பெண் முதலில் கேட்டுப் பார்த்திருக்கிறாள், "இன்னாம்மா, கரடியெல்லாம் தூக்கிக்கினு வர்ற? பாபின்ல முடி மாட்டிக்கினா மிஷினு போச்சு, யாரு குடுப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லமாட்டேன், அது நிஜம். முடித்துணி தைத்தால் பாபின் பெட்டிக்குள் பஞ்சு போல உருண்டு அடைத்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் திறந்து பழைய பல் பிரஷ்ஷால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். ஆனால் தீபாவளி நெருக்கத்தில் யார் அதைச் செய்துகொண்டு இருப்பார்கள்?

பைக்குள் ஒரு பை வேண்டும் என்பதையும் நீங்கள் விட்டுவிட்டீர்கள். பொம்மைத் துணியின் அடிப்பக்கம் பனியன் துணி மாதிரி பின்னல், நாலாப்பக்கமும் இழுக்கும். அதில் நேராகச் சாவியும் சில்லறையும் போட்டால் ஒரு மாதத்தில் கரடிக்குத் தொப்பை விழுந்துவிடும். பழைய வேட்டியோ காடாத் துணியோ எடுத்து, வயிற்றின் அளவுக்குத் தனியாக ஒரு பை தைத்து உள்ளே இறக்கி, அதன் வாயை ஜிப் ஓரத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டும். கனத்தைத் தாங்குகிறது இந்த உள்பைதான், வெளியே இருக்கும் கரடி சும்மா போர்வை. உள்பைக்கும் பொம்மைத் தோலுக்கும் நடுவே எடுத்த பஞ்சில் ஒரு கை மெல்லிசாகப் பரப்பி வைத்தால் காலியாக இருக்கும்போதும் கரடி ஒடுங்கிப்போகாது. அப்படியும் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் இதில் திணிக்கக் கூடாது. கைக்குட்டை, பர்ஸ், சீப்பு, போன், அவ்வளவுதான் இதன் தகுதி.

நாடாவைப் பொம்மைத் துணியில் நேராக வைத்துத் தைத்தால் கிழித்துக்கொண்டு வரும், இது நான் பட்டு அறிந்தது. பேத்தியின் முயல் இரண்டாவது வாரத்திலேயே தோள்பட்டை கிழிந்து ரேஷன் கடை வரிசையில் கீழே விழுந்தது. உள்பக்கம் கை அகலத்தில் கேன்வாஸோ தோல் துண்டோ வைத்து, நாடா, பொம்மைத் துணி, கேன்வாஸ் மூன்றையும் சேர்த்து ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் போட்டுத் தைக்க வேண்டும், ஸ்கூல் பையின் தோள்நாடாவில் பார்த்திருப்பீர்களே, அதே தையல். எங்கள் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை, அது ஒன்றுதான் இந்த ஊர் எனக்குக் கொடுத்த வசதி. அந்தத் தோலுக்காகப் பாலாறு என்ன விலை கொடுத்தது என்பது இன்னொரு கடிதத்துக்கு ஆகும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தைக்கிறவர்கள் நாடாவைக் கழுத்தைச் சுற்றி வருகிற மாதிரி போடாதீர்கள், ஓடியாடும்போது எதிலாவது மாட்டினால் ஆபத்து. முதுகுப்பை மாதிரி இரண்டு தோளுக்கும் போடுங்கள். இன்னொன்று, அழுத்தினால் பாடுகிற பொம்மையாக இருந்தால் உள்ளே ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பட்டன் பேட்டரி இருக்கும், பஞ்சை எடுக்கும்போது மறக்காமல் தேடி எடுத்து உடனே பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், அழுகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு உட்காராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நாலு வரிக் குறிப்பில் ஒரு வரியாவது இதற்குக் கொடுத்திருக்கலாம்.

துவைப்பது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, பஞ்சை எடுத்த பிறகு துவையுங்கள், எடுக்கும் முன்னால் அல்ல. பச்சைத் தண்ணீர், கொஞ்சம் ஷாம்பு, நிழலில் காயவைத்து அகலப்பல் சீப்பால் ஒரு சீவு. இஸ்திரிப் பெட்டியை மட்டும் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், முடி சுருண்டு கருகிவிடும்.

கிழிந்த வயிற்றுக்கு என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. ஜிப்பை முறைப்படி முதுகுத் தையலில் வைத்துவிட்டேன். வயிற்றுக் கிழிசலை ஏணிப்படி மாதிரி இந்தப் பக்கம் ஒரு குத்து அந்தப் பக்கம் ஒரு குத்தாக இழுத்து மூடலாம்தான், ஆனால் முடி வெட்டுப்பட்ட இடம் சொட்டையாகத் தெரிந்தது. அதனால் கீழ்ப்பாதியை மட்டும் மூடி, மேல்பாதிக்குக் குறுக்கே பழுப்புத் தோலில் ஒரு பட்டை வைத்து, உள்ளே சின்னப் பை தைத்து, கங்காரு பை மாதிரி ஆக்கிவிட்டேன். பஸ் பாஸ் வைக்க வசதி. அதற்குத் தோல் தேடிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வீட்டுக்குப் போய் ஒரு பழைய பர்ஸைக் கொண்டுவந்தாள், நைனாவுடையது, ஓரம் நைந்துபோய் இருந்தது, "இதுல வெட்டிக்கலாமா ஆயா?" என்றாள். நல்ல பகுதியாகப் பார்த்து வெட்டினேன். தோல் பழசாக ஆக மினுமினுப்பு ஏறும், அது ரெக்சினில் வராது.

மிச்சப் பஞ்சை எரிக்காதீர்கள், அது பருத்தியில்லை, பாலியஸ்டர், உருகி நாறும். குப்பையிலும் போட வேண்டாம். ஊசி குத்திவைக்கிற சின்ன மெத்தை தைத்துக்கொள்ளலாம். இந்தப் பஞ்சு பொம்மைகளுக்கே ஒரு பூர்வீகம் அப்படித்தானாம். ஜெர்மனியில் மார்கரெட்டே ஸ்டைஃப் என்று ஒரு அம்மா, குழந்தையிலேயே போலியோ வந்து சக்கர நாற்காலியில் இருந்தவர், தையலில் கெட்டிக்காரர், 1880-ல் ஊசி குத்திவைக்க யானை வடிவத்தில் ஒரு மெத்தை தைத்தார். பிள்ளைகள் அதைப் பிடுங்கிக்கொண்டு விளையாட ஆரம்பித்துவிட்டன, அப்புறம் பொம்மையாகவே விற்றார், அதிலிருந்து வந்ததுதான் அந்த ஸ்டைஃப் பொம்மை கம்பெனி. என் மருமகன் ஒருநாள் இதைச் சொன்னதிலிருந்து என் மிஷின் பக்கத்திலும் ஒரு யானை உட்கார்ந்திருக்கிறது, அந்த நீலக் கரடியின் வயிற்றுப் பஞ்சு இப்போது அதற்குள்தான் இருக்கிறது.

2021-ல் அரசாங்கம் மீண்டும் மஞ்சப்பை என்று ஆரம்பித்ததிலிருந்து துணிப்பை பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது, நல்லதுதான், ஆனால் எல்லாம் "சுலபமாகத் தைக்கலாம்" என்றே முடிகிறது. சுலபம் என்று சொல்லிச் சொல்லித்தான் தையல் வேலைக்குக் கூலியே இல்லாமல் போனது. ஒரு ஜாக்கெட் ஓரத்தைப் பிரித்துத் தைக்க 40 ரூபாய் கேட்டால், "நாலு தையல் போடறதுக்கா" என்கிறார்கள். இந்தக் கரடிக்கு நான் உட்கார்ந்தது மொத்தம் ஏழு மணி நேரம். அந்தப் பெண்ணிடம் காசு வாங்கவில்லை, அது வேறு விஷயம், ஆனால் அரை மணி நேரம் என்று உங்கள் பத்திரிகையில் படித்துவிட்டு வருகிற அடுத்த ஆளிடம் ஏழு மணி நேரத்துக்கு நான் எப்படிக் கூலி கேட்பது?

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், முக்கியமாக வயிற்றைக் கத்தரிப்பது, க்ளூ கன், பேட்டரி, இந்த மூன்றுக்கும். இனிமேல் தையல் குறிப்பு போட்டால் ஒருமுறையாவது தைத்துப் பார்த்தவர்களை எழுதச் சொல்லுங்கள், அளவுப் படத்தோடு, எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை மறைக்காமல். இடம் போதாது என்பீர்கள், தெரியும். பக்கத்திலேயே ராசிபலன் இருக்கிறதே, அதில் ஒரு ராசியை எடுத்துவிடுங்கள். என்னுடையது விருச்சிகம், அதையே எடுத்துக்கொள்ளலாம், வருடக்கணக்காகப் பண வரவு என்றுதான் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்,
வட ஆற்காடு.